காய்கிற ஈரம்: பத்து மாட்டுக் கொட்டகையிலும் ஆட்கள் அறையிலும் வெக்கையைக் குறைத்த வேலை

இடம் கரூர் மாவட்டம். கொட்டகை 40 அடி நீளம், 20 அடி அகலம், தகர ஷீட் கூரை. ஒற்றை வரிசையில் பத்து கலப்பினக் கறவைகள். பக்கத்திலேயே ஆட்கள் சாப்பிட்டு இளைப்பாற 12க்கு 10 அடியில் ஓர் அறை, உயரம் 9 அடி. கொட்டகைக்கு மைக்ரோ ஸ்பிரிங்க்ளரும் காற்றாடியும் போட்டோம். அறைக்கு ஈரப் பேடும் (நனைந்தபடி இருந்து, தன் வழியாக வரும் காற்றைக் குளிர வைக்கும் தடுப்பு) உள்காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் காற்றாடியும் போட்டோம். ஒரே தண்ணீர்தான், ஆனால் இரண்டிலும் அது செய்கிற வேலை வேறு. இது பிடிபடாமல் சாமான் வாங்கினால் காசும் போகும், மாட்டின் மூச்சிரைப்பும் நிற்காது.

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போக ஏறத்தாழ 2400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 1000 வாட் ஹீட்டர் 40 நிமிடம் எரிந்தால் வரும் சூடு அது. அதே ஒரு லிட்டரைப் பத்து டிகிரி சூடேற்ற 42 கிலோஜூல் போதும். அதனால் தொட்டித் தண்ணீர் வெயிலில் சுட்டுக் கிடந்தாலும் தெளிப்புக்குப் பாதகமில்லை; ஐஸ் போட வேண்டியதும் இல்லை. தண்ணீர் காய்ந்து போகும்போதுதான் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காயாமல் தேங்கி நின்றால் கொட்டகை புழுங்கும், அவ்வளவுதான். நடுத்தரக் கறவை மாட்டின் உடம்பு வெளியே தள்ளும் சூடு ஏறத்தாழ 1 கிலோவாட். தோலின் மேல் மணிக்கு ஒன்றரை லிட்டர் காய்ந்தாலே அந்த அளவுக்குச் சூடு கழியும். கீழே வரும் கணக்கெல்லாம் இதை வைத்துத்தான்.

சாமான் வாங்குமுன் இரண்டு சாதாரணத் தெர்மாமீட்டர் வாங்கி ஒரு பலகையில் கட்டுங்கள். ஒன்றின் குமிழில் துவைத்துப் பழகிய வெள்ளை வேட்டித் துணியை ஒரே சுற்றாகச் சுற்றி, துணியின் நுனி ஒரு சின்னப் புட்டித் தண்ணீரில் கிடக்கும்படி விடுங்கள். கஞ்சி போட்ட துணி தண்ணீரை இழுக்காது. மதியம் இரண்டு மணிக்கு நிழலில் வைத்து, காற்றாடியை நேராக விட்டு ஐந்து நிமிடம் கழித்து இரண்டையும் படியுங்கள். ஈரத் தெர்மாமீட்டர் காட்டுவதற்குக் கீழே எந்த ஈரப் பேடும் காற்றைக் குளிர வைக்காது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் முக்கால் பங்கு கிடைத்தால் பேடு நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

கரூர், ஈரோடு பக்கம் 40 டிகிரியும் 30 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு மே மாத மதியத்தை எடுத்துக்கொள்வோம். ஈரத் தெர்மாமீட்டர் 26 காட்டும். வித்தியாசம் 14, அதில் முக்கால் பங்கு பத்தரை. பேடு வழியாக வரும் காற்று இருபத்தொன்பதரை டிகிரியில் இருக்கும். நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோரத்தில் 34 டிகிரியும் 65 சதவீதமும் இருந்தால் ஈரத் தெர்மாமீட்டர் இருபத்தெட்டரையில் நிற்கும். முக்கால் பங்கு போட்டாலும் நாலு டிகிரிதான் இறங்கும், அதற்கும் விலையாக அறை கசகசத்துப் போகும். அங்கே பேடுக்குச் செலவு செய்யாமல் காற்றாடிக்கும் நிழலுக்கும் செய்யலாம்.

மாட்டின் தோலையே நனைக்கும் முறை கடலோரத்திலும் பலிக்கும். காரணம், நனைந்த தோல் 35 டிகிரிப் பக்கம் இருப்பதால் அதன் மேல் உள்ள ஆவி அழுத்தம் (நீராவி தள்ளும் அளவு) 5.6 கிலோபாஸ்கல், அந்தக் கடலோரக் காற்றில் இருப்பது மூன்றரைதான். காற்று அடித்துக்கொண்டே இருந்தால் ஈரம் காய்ந்துகொண்டே இருக்கும். கரூர்க் காற்றில் அது 2.2 என்பதால் இங்கே இன்னும் வேகமாகக் காயும். கொட்டகைக்கு ஃபாகர் (தண்ணீரைப் பனிபோல் பொடியாகத் தூவும் கருவி) வேண்டாம் என்று முடிவு செய்ததும் இதனால்தான். நாலு பக்கமும் திறந்த கொட்டகையில் ஃபாகர் விடும் பனித்துளி காற்றோடு வெளியே போய்விடும். மாட்டின் மேல் விழும் கொஞ்சமும் மயிர் நுனியில் வெள்ளைப் பூச்சாக நின்றுவிடும். கையால் தடவிப் பாருங்கள்: மேலே ஈரம், அடியில் தோல் காய்ந்து சுடும். அந்தப் பனிப்படலம் கம்பளி மாதிரி உடம்புச் சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கிறது. மாட்டுக்கு வேண்டியது தோல்வரை இறங்கும் பெரிய துளி.

முதல் வேலை கூரை. தகரம் சுட்டுக்கொண்டிருக்கும்போது கீழே எதைத் தெளித்தாலும் பாதிப் பலன்தான். ஊறவைத்து வடிகட்டிய சுண்ணாம்பில் பசை கலந்து இரண்டு கை பூசினோம். மேலே தென்னங்கீற்றைப் பரப்பிக் கம்பியால் கட்டினோம். சிமென்ட் ஷீட் கூரை உள்ளவர்கள் பழைய ஆஸ்பெஸ்டாஸைக் காய்ந்த நிலையில் தேய்க்கவோ துளை போடவோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

ஸ்பிரிங்க்ளர் மணிக்கு 120 லிட்டர் விடும் அரைவட்ட மைக்ரோ வகை. ஆறு அடிக்கு ஒன்றாக ஏழு. முழுவட்டம் வாங்கினால் தீவனத் தொட்டி நனையும். நனைந்த தவிடு மறுநாளே புளித்துப் பூசணம் பிடிக்கும். பைப் 20 மில்லிமீட்டர் லேட்டரல் (ஸ்பிரிங்க்ளர்களைப் பொருத்தும் பைப்), தரையிலிருந்து ஏழடி உயரத்தில், மாட்டின் தோளுக்கு நேர் மேலே, தெளிப்பு வால் பக்கம் பார்த்தபடி. 16 மில்லியிலும் ஓடும், ஆனால் கடைசி ஸ்பிரிங்க்ளரில் அழுத்தம் குறைந்து வட்டம் சுருங்கும். எந்தப் பைப் போட்டாலும் தண்ணீரை நடுவில் கொடுத்து இரு பக்கமும் பிரியவிட்டால் வித்தியாசம் தெரியாது. மாட்டைக் கட்டுமுன் தீவனத் தொட்டி விளிம்பு நெடுக பழைய செய்தித்தாளை விரித்து இரண்டு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். தாளில் எங்கே புள்ளி விழுகிறதோ அந்த ஸ்பிரிங்க்ளரை ஒரு விரல் திருப்பினால் போதும்.

பம்பு அரை ஹெச்.பி. மோனோபிளாக். ஏழும் சேர்ந்து நிமிடத்துக்கு 14 லிட்டர் கேட்கும், அழுத்தம் ஒன்றரை முதல் இரண்டு பார். அரை ஹெச்.பி. அதற்கு மேலேயே தள்ளும் என்பதால் பம்பிலிருந்து வெளியே போகும் பைப்பில் ‘T’ வடிவ இணைப்பு ஒன்று போட்டு, மிச்சத்தைக் கேட் வால்வு வழியாகத் தொட்டிக்கே திருப்பினோம். வால்வைத் திருகி அழுத்தமானியில் முள் இரண்டைத் தொட்டதும் நிறுத்தி, கைப்பிடியைக் கழற்றி வைத்துவிட்டோம். யாராவது விளையாட்டாகத் திருகினால் தெளிப்பு மறுபடி பனியாகிவிடும். 500 லிட்டர் தொட்டி பம்புக்கு மேலே உயரத்தில் இருக்கிறது. கீழே வைத்தால் உறிஞ்சு பைப்பின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு கசிந்து பம்பு காற்று வாங்கும், ஆளில்லாத மதியத்தில் வெறுமனே ஓடிச் சீல் எரியும். தொட்டிக்கும் லேட்டரலுக்கும் இடையில் 120 மெஷ் டிஸ்க் ஃபில்டர் (வட்டு அடுக்கு வடிகட்டி) கட்டாயம் வேண்டும்.

காற்றாடி 24 இஞ்ச், இரண்டு. விட்டத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரைதான் அதன் காற்று உருப்படியாகப் போகும். 24 இஞ்ச் என்றால் இருபது அடி. ஆகவே 40 அடிக்கு இரண்டு, ஒன்று விட்ட காற்றை அடுத்தது வாங்கித் தள்ளும்படி ஒரே திசையில். எட்டடி உயரத்தில் பதினைந்து இருபது டிகிரி கீழே சாய்த்து மாட்டினோம். மாட்டின் முதுகில் நொடிக்கு இரண்டு முதல் மூன்று மீட்டர் வேகம் வேண்டும். விலை குறைந்த காற்றுமானி ஒன்று இதைச் சொல்லிவிடும். சீலிங் ஃபேன் இதற்கு உதவாது: கூரைக்கடியில் நிற்கும் சூட்டுக் காற்றைத்தான் மாட்டின் மேல் தள்ளும்.

டைமர் சைக்ளிக் வகை: ஒரு நிமிடம் தெளிப்பு, ஒன்பது நிமிடம் நிறுத்தம். காற்றாடி நிற்காமல் ஓடும். மணிக்கு ஆறு முறை, 84 லிட்டர். காலை 11 முதல் மாலை 4 வரை 420. இரவு ஏழு மணிக்கு அரை மணி நேரத்துக்குள் மூன்று முறை, இன்னொரு 42. பகலெல்லாம் உடம்பில் சேர்ந்த சூடு இரவில் இறங்காவிட்டால் மறுநாள் காலையில் மாடு பாதிச் சூட்டோடுதான் தொடங்கும், அதனால் அந்த இரவு அரை மணியை விடக்கூடாது. ஒரு மாட்டுக்கு ஒரு தடவைக்கு ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக விழுகிறது, அதில் ஒரு பங்கு தரைக்குப் போகும். முதுகு விலா எல்லாம் நனைந்து, வயிற்றுக்கடியில் ஒழுகத் தொடங்கும் முன் தெளிப்பு நிற்க வேண்டும். ஒழுகி மடிக்குப் போனால் சாணித் தண்ணீரும் சேர்ந்து காம்பில் நிற்கும். அதுதான் மடிநோய்க்கு வழி. மடி நனைகிறது என்றால் ஒரு நிமிடத்தை 45 நொடியாக்குங்கள். பால் கறப்பதற்கு அரை மணி முன்பே தெளிப்பை நிறுத்திவிட வேண்டும்.

எப்போது தொடங்குவது என்பதை மாடே காட்டும். விலாவைப் பார்த்து அரை நிமிடம் மூச்சை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 60ஐத் தாண்டினால் மாடு சூட்டில் இருக்கிறது. 80க்கு மேல் என்றால் கடுமை. வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டு எச்சில் ஒழுக்கினால் டைமரைப் பார்க்காமல் குழாயால் நனைத்துக் காற்றாடி முன் நிறுத்துங்கள், மருத்துவரையும் அழையுங்கள். படுக்காமல் நின்றுகொண்டே இருப்பதும் முன்னறிகுறிதான்: நின்றால் உடம்பின் எல்லாப் பக்கமும் காற்றுப் படும் என்று அதற்குத் தெரியும். கணக்காகப் பார்ப்பவர்கள், இரண்டு தெர்மாமீட்டர் எண்களையும் கூட்டி 0.72ஆல் பெருக்கி 40.6ஐச் சேருங்கள். 72ஐத் தாண்டினால் கறவைக்குச் சூடு உறைக்கத் தொடங்கும். மேலே சொன்ன கரூர் மதியத்துக்கு இது 88.

எருமை வைத்திருப்பவர்கள் தெளிப்பைச் சீக்கிரமே தொடங்க வேண்டும். கறுப்புத் தோல், வியர்வைச் சுரப்பியும் குறைவு. குட்டையில் புரள விடாமல் கட்டிப்போட்டு வளர்ப்பதாக இருந்தால் இந்த ஸ்பிரிங்க்ளர்தான் அதற்குக் குட்டை. கோழிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது வியர்க்காது, மூச்சிரைத்தே சூட்டைத் தள்ளும். இறகு நனைந்தால் இன்னும் கஷ்டம். அங்கே காற்றைத்தான் குளிர்விக்க வேண்டும், ஃபாகருக்கு இடம் அங்கேதான். கொட்டகைக்குள் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தொட்டால் அதையும் நிறுத்திக் காற்றை மட்டும் ஓட்டுங்கள்.

மின்சாரத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். நனைந்த தரை, நனைந்த மாடு, இரும்புக் கம்பம். சின்னக் கசிவே மாட்டைக் கொன்றுவிடும், கழற்றப் போன ஆளையும் சேர்த்து. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே விழுந்து கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்), தனி எர்த் கம்பி, பம்பு உடலுக்கும் காற்றாடிக் கூட்டுக்கும் இரும்புத் தூணுக்கும் எர்த் இணைப்பு. ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள், விழவில்லை என்றால் அன்றே மாற்றுங்கள். டைமரின் உள்ளே இருக்கும் சின்ன ரிலேயில் பம்பை நேரடியாக இணைக்கக்கூடாது. மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் கரண்ட் ஓட்டக் கரண்டைப்போல் பல மடங்கு. நாளைக்கு முப்பது தடவைக்கு மேல் அந்த அடி விழுந்தால் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் தெளிப்பு நிற்காது: தொட்டி காலி, கொட்டகை சேறு, பம்பு வறண்டு ஓடும். டைமர் காண்டாக்டரை (மோட்டார் கரண்டைத் தாங்கும் பெரிய சுவிட்ச்) இயக்கட்டும், காண்டாக்டர் பம்பை இயக்கட்டும்.

ஓட்டத் தொடங்கியதும் முதலில் தெரிந்த குறை சொட்டு. பம்பு நின்ற பிறகு பைப்பில் இருக்கும் தண்ணீர் முழுதும் தாழ்வான ஸ்பிரிங்க்ளர் வழியாக ஐந்து நிமிடத்துக்கு ஒழுகியது. அதற்குக் கீழே நிற்கும் மாடு மட்டும் எப்போதும் நனைந்தே இருக்கும், அதன் குளம்படி சேறாகும். ஒவ்வொரு ஸ்பிரிங்க்ளருக்கும் முன்னால் சொட்டுத் தடுப்பு வால்வு போட்டதும் நின்றது. சொட்டுநீர்ச் சாமான் கடைகளில் கிடைக்கும் சின்னப் பிளாஸ்டிக் வால்வுதான். அதைப் போடுவதாக இருந்தால் பைப்பைச் சரிமட்டமாகக் கட்டுங்கள், நடுவில் தொங்கவிட வேண்டாம்.

அடுத்தது உப்பு. இந்தப் பக்கத்து ஆழ்துளைத் தண்ணீர் கடினம். தெளிப்பு வாயில் வெள்ளை வளையம் கட்டும், துளி ஒரு பக்கமாகச் சாயும். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி அந்த ஸ்பிரிங்க்ளர் அதோடு முடிந்தது. லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து ராத்திரி முழுக்க ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் புதிதுபோல் வரும். அந்தக் கரைசல் இருக்கும் வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். தொட்டிக்குப் பிளீச்சிங் போடுவது வேறு நாளில், வேறு பாத்திரத்தில்.

இனி ஆட்கள் அறை. 12க்கு 10க்கு 9 என்றால் 1080 கன அடி. நிமிடத்துக்கு ஒருமுறை அறைக் காற்று முழுதும் மாற வேண்டும் என்று வைத்து 15 இஞ்ச் எக்ஸாஸ்ட் வாங்கினோம். பேடு நாலு இஞ்ச் தடிமன் தேன்கூட்டுப் பேடு, இரண்டடி அகலம் மூன்றடி உயரம். இந்தத் தடிமனுக்குக் காற்று நிமிடத்துக்கு 250 அடிக்கு மேல் போகக்கூடாது. ஆறு சதுர அடியில் 180தான் வருகிறது, அதனால் காற்று நன்றாக நனைந்து வருகிறது. வெட்டிவேர்த் தட்டியும் அருமையாக வேலை செய்யும், வாசனையும் உண்டு. மரநார் மலிவு, ஆனால் நனைந்து நனைந்து கீழே அமுங்கிவிடும். மேல் விளிம்பில் விரல்கடை இடைவெளி விழுந்தாலும் போதும், சூட்டுக் காற்று முழுக்க அந்த வழியாகவே நுழையும்.

தேன்கூட்டுப் பேடை மாட்டும்போது பக்கவாட்டில் பாருங்கள். அலைக் கோடுகள் இரண்டு சரிவில் ஓடும், ஒன்று அதிகச் சரிவாக, ஒன்று படுத்தாற்போல். அதிகச் சரிவான கோடு வெளிப்பக்கம் நோக்கிக் கீழே இறங்க வேண்டும். அப்படி வைத்தால் காற்று நுழையும் முகத்துக்கே தண்ணீர் வந்து, அங்கே சேரும் தூசியையும் உப்பையும் கழுவும். திருப்பி வைத்தால் அறைக்குள் துளி தெறிக்கும், வெளிமுகம் காய்ந்து உப்புக் கட்டும். பல இடங்களில் ‘பேடு சரியில்லை’ என்று தூக்கிப் போடுவது திருப்பி மாட்டிய பேடைத்தான்.

தண்ணீர் பிரிக்க முக்கால் இஞ்ச் பி.வி.சி. பைப்பில் மூன்று இஞ்சுக்கு ஒன்றாக 3 மில்லிமீட்டர் துளை, துளைகள் மேலே பார்த்தபடி. மேலே அரைப் பைப்பைக் கவிழ்த்தால் பீய்ச்சும் தண்ணீர் அதில் மோதிச் சீராகப் பேடில் இறங்கும். கீழே பார்த்துத் துளை போட்டால் கசடு எல்லாம் துளைக்கே வந்து அடைக்கும். நிமிடத்துக்கு நாலு லிட்டர் ஓட வேண்டும். கூலருக்குப் போடும் சின்னச் சப்மர்சிபிள் பம்பு இதற்குப் போதும், ஆறடி தூக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். காய்ந்து போவது மணிக்கு எட்டு லிட்டர் அளவு. உப்பு போகாது, பேடுத் தண்ணீர் வடிந்து திரும்பும் தொட்டியிலேயே கெட்டியாகிக்கொண்டே வரும். அதனால் மைக்ரோ டியூப் என்னும் மெல்லிய குழாய் ஒன்றைப் பைப்பில் செருகி, காய்கிற அளவுக்குக் கிட்டத்தட்டச் சமமாக வாழைக்குச் சொட்டவிட்டோம். வாரம் ஒருமுறை தொட்டியைக் காலிசெய்து தேய்த்துக் காயவைப்பது கொசுப்புழுவுக்கும் சேர்த்துத்தான். ஏடிஸ் கொசுவுக்கு இப்படிப்பட்ட தொட்டிகளே பிடித்த இடம்.

பேடு இருக்கும் சுவர் நிழலில், சாணிக்குழிக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். எக்ஸாஸ்ட் எதிர்ச்சுவரில் இருக்கட்டும். ஊதுபத்தியைக் கொளுத்திக் கதவிடுக்கு, ஓட்டு இடுக்கு எல்லாம் காட்டுங்கள். புகை உள்ளே இழுபடும் இடமெல்லாம் பேடைத் தாண்டிச் சூட்டுக் காற்று வரும் இடம். அடைத்துவிடுங்கள். எக்ஸாஸ்டை மட்டும் அடைக்கக்கூடாது. குளிர்ச்சி வெளியே போகிறது என்று அதை நிறுத்திவிட்டுக் கதவையும் சாத்தினால் கால் மணியில் அறை புழுங்கல் பானை.

அறை இருப்பதால் மட்டும் ஆள் தப்பிவிட மாட்டார், வேலையின் நேரமும் மாற வேண்டும். சாணி அள்ளுதல், சாப்கட்டரில் தீவனம் வெட்டுதல், மூட்டை இறக்குதல் எல்லாம் காலை பத்துக்குள். வெயிலில் இருக்கும்வரை இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர், ஏறத்தாழ 250 மில்லி. தாகம் வரட்டும் என்று காத்திருக்கக்கூடாது. நடுவில் உப்புப் போட்ட நீர்மோர். பருத்தித் துண்டை நனைத்துப் பிழிந்து கழுத்திலும் தலையிலும் போட்டுக் காற்றில் நிற்பதும் மேலே மாட்டுக்குச் செய்த அதே வேலைதான். வெளிக் காற்று 35ஐத் தாண்டிவிட்டால் காய்ந்த உடம்பில் காற்றாடி விடுவது சூட்டைக் கொண்டுவந்து அடிக்கும், எனவே முதலில் உடம்பை நனைத்துவிட்டுக் காற்றாடி. புதிதாக வேலைக்கு வந்தவருக்கு முதல் நாள் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான், பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்காகக் கூட்டுங்கள். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும், வந்த புதிதில்தான் ஆபத்து அதிகம்.

பேச்சுக் குழறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், தள்ளாடினால் அது மயக்கம் என்று படுக்கவைத்துவிட்டுப் போகாதீர்கள். 108ஐ அழைத்துவிட்டு, சட்டையைக் கழற்றி உடம்பு முழுக்க நனைத்துக் காற்றாடியை நேராக வையுங்கள். ஐஸ் இருந்தால் அக்குளிலும் தொடையிடுக்கிலும். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வண்டி வரும்வரை நனைப்பதை நிறுத்த வேண்டாம்.

தினமும் சாயங்காலம் பேடுக்குப் போகும் பம்பை முதலில் நிறுத்தி, எக்ஸாஸ்டை இன்னும் அரை மணி ஓட்டிப் பேடை முழுக்கக் காயவிடுகிறோம். ஈரத்தோடு விட்டால் ஒரு வாரத்தில் பாசி, அப்புறம் குளத்து வாடை. கத்திரி முடிந்து காற்று மாறியதும் பேடைக் கழற்றிக் கழுவி நிழலில் காயவைத்து, எலி கடிக்காதபடி கூரையிலிருந்து கம்பியில் தொங்கவிட வேண்டும். ஸ்பிரிங்க்ளர்களை ஆசிட்டில் ஊறவைத்து எடுத்து, ஃபில்டர் வட்டுகளோடு ஒரே டப்பாவில் போட்டு, அடுத்த மார்ச்சில் தேட வேண்டாதபடி டைமர் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.